இன்ஸ்பெக்‌ஷன் அன்று தண்ணீர் வந்தது

காலை பத்தேகால் மணி. கோலார் பக்கத்துப் பாலகாட்டில் எங்கள் சபையின் பழைய ஞாயிறு பள்ளி ஹாலில் பதினாலு தையல் மெஷின்கள் இரண்டு வரிசையாக நின்றன. மேலே நான்கு ஃபேன்களும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு மெஷினின் ஊசிக்கடியில் பச்சைச் சட்டையின் கை ஒன்று பாதி தைத்தபடி கிடந்தது. பக்கத்தில் மூடி திறந்த டப்பாவில் எலுமிச்சை சாதம். ஆள் மட்டும் ஒருவர்கூட இல்லை.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

எட்டு மாதம் கடிதம் எழுதி, போன் போட்டு, கெஞ்சி, பெங்களூரிலிருந்து வரவழைத்த ஆட்கள் அந்தக் காரில் இருந்தார்கள். நாலைந்து மருத்துவமனைகள் நடத்தும் ஒரு நிறுவனம். அங்கே நர்ஸ்களும் ஆயாக்களும் போடுகிற உடுப்பு முழுவதையும் எங்களிடம் தைக்கக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். நான் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கையில் ஃபைலோடு நின்றேன்.

ஹாலின் பின்பக்கம் ஓடினேன். கட்டிங் டேபிளில் குனிந்து சரோஜா துணியில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சரோஜா என் பள்ளித் தோழி. கம்பெனியில் பாதி அவளுடையது.

"எல்லாரும் எங்கடி?"

"தண்ணி வந்துகீது. அனுப்பிட்டேன்," என்றாள், தலையைத் தூக்காமல்.

இந்தத் தொடரில் இதுவரை நான் படித்ததையும் பாடம் நடத்தியதையும்தான் எழுதியிருக்கிறேன். முதலாளியாக இருந்த கதையை வாராவாரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் இந்தக் காலைதான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சூடாகிறது.

குழாயின் தயவு

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. அது வருகிறபோதுதான் வரும். ஒரு வாரம் ஆகலாம், பத்து நாள் ஆகலாம். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தால் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஓடும். அதற்குள் டிரம், குடம், பக்கெட், சோறு வடிக்கிற குண்டான் உட்பட எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை வரைக்கும் அக்கம்பக்கத்தில் கையேந்த வேண்டியதுதான்.

லைனில் யாராவது ஒருத்தி "தண்ணீ" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். நானும் அதே லைனில் பிறந்து அதே குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தவள்தான். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

தெரிந்ததைத்தான் படித்துப் படித்து மறந்திருந்தேன்.

நோட்டீஸ் வாசித்தவள்

அப்பாவுக்கு சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவர் மேல் ஈரக் கல்லின் வாசனை அடிக்கும். குளித்த பிறகும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

எங்கள் லைன் முனையில் ஒரு நோட்டீஸ் போர்டு உண்டு. அதில் ஒட்டப்படுவதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். ஷிஃப்ட் மாற்றம், விடுமுறை, யாருக்கு எந்தத் தண்டனை, எல்லாம். நான் ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது அப்பா என்னைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போய் அதன் முன்னால் நிறுத்துவார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கூடிவிடுவார்கள். "இன்னாம்மா போட்டுகீறான்?" என்று கேட்பார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொல்வேன். பெரிய பெரிய ஆண்கள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வார்கள். சிலர் முகம் சுருங்கிப் போகும்.

அந்த வயதில் எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆசை. படிக்கிறவளாக இருந்து என்ன பயன், எழுதுகிறவளாக ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஆனேன். பி.காம்., அப்புறம் நிர்வாகவியல், அப்புறம் ஆய்வுப் பட்டம். பெங்களூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. தினமும் விடியற்காலை சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி, இருட்டியதும் திரும்பி வருவேன். இருபது வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பு. தொழிலாளர்களை எப்படி நடத்துவது, தொழிலை எப்படித் தொடங்குவது என்று பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். நன்றாகவே நடத்தினேன். அதில் சந்தேகமில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி

ஒரு நாள் வகுப்பில், பெயின்ட் கடைக்காரர் மகள் ஒருத்தி எழுந்து, மேடம் எப்போதாவது ஒரு வியாபாரம் செய்திருக்கிறாரா என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். இதய டாக்டருக்கு மாரடைப்பு வந்திருக்க வேண்டுமா என்ன என்று நான் திருப்பிக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

என்ன எழுதினாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அன்று மாலை ரயிலில் பங்காருபேட்டை வரும்வரை அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர் சீட்டில் சரோஜா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் தினம் போய்வருகிறவள். பெங்களூர் ஓரத்தில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவளோடு எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு பெட்டி நிறையப் போய்வந்தார்கள். எல்லாரும் காலையில் தூங்கிக்கொண்டே போய், மாலையில் தூங்கிக்கொண்டே வருவார்கள்.

விழித்ததும் அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வேலையே நம்மூர்ல இருந்தா, தெனம் ரெண்டு அவர் சேத்துத் தூங்கலாம்."

அதுதான் எங்கள் கம்பெனி தொடங்கிய விதம். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நானும், தூங்க வேண்டும் என்று அவளும் கூட்டுச் சேர்ந்தோம்.

காகித வேலைக்காகக் கோலாருக்கு மூன்று முறை அலைந்தேன். மூன்று முறையும் தப்பு என்மேல்தான். முதல் தடவை போட்டோ இல்லை. இரண்டாம் தடவை கையெழுத்து ஒரு பக்கத்தில் விட்டுப்போயிற்று. மூன்றாம் தடவை சபை ஹாலுக்குக் கதவு எண் என்ன என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. போதகர் ஐயாவுக்கே தெரியவில்லை. விண்ணப்பம் நிரப்புவது எப்படி என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுத்தவள் நான்.

இரண்டு முதலாளிகள்

சரோஜாவுக்கு அளவு நாடாமேல் நம்பிக்கை கிடையாது. சாண் போட்டுப் பார்ப்பாள். நூறு சட்டைக்குக் கை ஒரு விரற்கடை குட்டையாகப் போய், ஒரு நர்ஸரிப் பள்ளி அத்தனையையும் திருப்பி அனுப்பியது. அதற்கு அவள் சொன்ன சமாதானம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டன என்பது.

வருகைப் பதிவேடு வாங்கிக் கொடுத்தேன். அதன் கடைசிப் பக்கங்களில் கோலம் இருந்தது. யார் எத்தனை பீஸ் முடித்தார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரியும் என்பாள். எழுதி வை என்றால், அதான் தெரியுமே என்பாள். நான் வாரத்தில் ஐந்து நாள் பெங்களூரில். வகுப்பு இடைவேளையில் போன் போட்டால் எடுக்க மாட்டாள். போன் சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் கிடக்கும். சனிக்கிழமை கேட்டால், அடித்தது காதில் விழவில்லை என்பாள். பதினாலு மெஷின் ஓடுகிற இடத்தில் அது உண்மையாகக்கூட இருக்கலாம். அதுதான் என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

நான் நோட்டீஸ் ஒட்டினேன். வேலை நேரம் பற்றி ஒன்று, போன் பேசுவது பற்றி ஒன்று, டீ நேரம் பற்றி ஒன்று. எல்லாம் லேமினேஷன் செய்து, தமிழிலும் கன்னடத்திலும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் டீ நேரம் பற்றியது தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருந்தது.

ஆனால் கல்லூரியில் என் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. பேராசிரியையே தொழிலதிபர் என்று முதல்வர் வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார். எங்கள் யூனிட்டைப் பற்றி நானே ஒரு பாடக் குறிப்பு எழுதி, வகுப்பில் உதாரணமாக நடத்தினேன். அதில் நேரம் தவறாத வருகை, எழுத்துப் பூர்வமான நடைமுறை என்றெல்லாம் இருந்தது. சரோஜாவைப் பற்றி அதில் ஒரு வரி. தையல் தளத்தை மேற்பார்வையிட ஒரு அனுபவசாலி இருக்கிறார் என்று. துறைத் தலைவர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்தது நீங்கள்தான் என்று முதல்வர் ஜாடையாகச் சொன்னார்.

இப்படி இருந்தபோதுதான் அந்தக் காலையில் மருத்துவமனைக் கார் வந்து நின்றது.

காலி மெஷின்கள்

வந்தவர்கள் இரண்டு பேர். கொள்முதல் அதிகாரி ஒருவர், முப்பது வயதிருக்கும், கையில் டேப்லெட். இன்னொருவர் நர்ஸிங் சூப்பரின்டெண்ட், வயதான அம்மா, முழங்கால் வலியோடு படியேறினார்.

நாற்காலி போட்டேன். மோர் கொடுத்தேன். மெஷின்களின் வகையைச் சொன்னேன். அதிகாரி இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு தடவை நடந்துபோய்த் திரும்பி வந்து, பணியாளர்கள் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள் என்று என் வாயில் வந்துவிட்டது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

சரோஜா பின்னாலிருந்து, தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார்கள், முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். அந்த அம்மா மோர் டம்ளரை இறக்கி வைத்து, "அப்படியா" என்றார். அதிகாரி டேப்லெட்டில் எதையோ தட்டினார்.

முக்கால் மணி நேரத்தில் வரத்தான் செய்தார்கள். பதினாலு பேரும், புடவையும் சுடிதாரும் முழங்கால் வரை நனைந்து, மூச்சு வாங்க ஓடிவந்து உட்கார்ந்தார்கள். ஈரக் கையால் துணியைத் தொடக்கூடாதென்று ஒவ்வொருத்தியும் துப்பட்டாவிலும் முந்தானையிலும் கையைத் துடைத்தாள். அடுத்த நிமிஷம் பதினாலு மெஷினும் ஓடின. ஆனால் அதிகாரிக்கு நேரமாகிவிட்டது. நல்லது, எழுதுகிறோம் என்று சொல்லிக் கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

கார் தெரு திரும்பும் வரை நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உள்ளே வந்தேன்.

என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். பதினாலு பேர் முன்னாலும் சரோஜாவைப் பார்த்துக் கத்தினேன். புத்தி, பொறுப்பு, படிப்பு என்று போயிற்று. இவளோடு கூட்டுச் சேர்ந்ததுதான் நான் செய்த தப்பு என்றேன். உன்னால் என் மானம் போயிற்று என்றேன்.

சரோஜா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, கட்டிங் டேபிளில் வைத்தாள். தன் கத்திரிக்கோலை மட்டும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். அந்தக் கத்திரிக்கோல் அவள் சொந்தமாக வாங்கியது.

பத்து நாளில் மருத்துவமனையிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. இப்போதைக்கு இல்லை என்று.

என் ராஜ்யம்

பருவ விடுமுறை தொடங்கியிருந்தது. ஒரு மாதம் நானே யூனிட்டை நடத்தினேன். புத்தகத்தில் இருக்கிறபடி நடத்தினேன். காலை ஒன்பதுக்குக் கதவைச் சாத்தினேன். தாமதமாக வந்தால் அரை நாள் கூலி கிடையாது. தண்ணீர் வந்தாலும் யாரும் எழுந்து போகக்கூடாது, வீட்டில் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். இதை யாரும் பானைமேல் வைக்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கை அளவு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆனால் ஹாலில் பேச்சே இல்லை. நான் உள்ளே நுழைந்தால் மெஷின் சத்தம் மட்டும்தான்.

இரண்டாவது வாரத்தில் ஒருத்தியின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. நின்றுவிட்டாள். இன்னொருத்தியின் பிள்ளைக்குப் பள்ளி மாற்றம். அடுத்தவளுக்கு இடுப்பு வலி. நான்கு பேர் இப்படி நின்றார்கள். எல்லாரும் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். நான் நம்பினேன். மாமியாருக்கு ஹார்லிக்ஸ்கூட வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

விடுமுறை முடிவதற்கு முந்தின சனிக்கிழமை ஜெயந்தியைக் கூப்பிட்டேன். முப்பது வயது, சுறுசுறுப்பு, ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவள். திங்கட்கிழமையிலிருந்து நீதான் சூப்பர்வைசர் என்று சாவியைக் கொடுத்தேன். நீ மேலே வருவாய் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டாள்.

லேடீஸ் பெட்டி

திங்கட்கிழமை கல்லூரி திறக்கிற நாள். சாம்பியன் ரீப்ஸில் வழக்கம்போல் லேடீஸ் பெட்டியில் ஏறினேன். ஜன்னல் ஓரமாக ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லாதவள். பள்ளி மாற்றம். இடுப்பு வலி. நாலாமவள். ஐந்தாவது ஜெயந்தி.

மடியில் சாப்பாட்டுப் பை. பழைய கார்மென்ட்ஸ் ஃபேக்டரியின் அடையாள அட்டை ஒவ்வொருத்தி கழுத்திலும்.

யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இடுப்பு வலிக்காரி பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒதுங்கினாள். "இங்க குந்துங்க மேடம்," என்றாள்.

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது. ரயில் ஊர்காம் தாண்டியது. அப்புறம் ஜெயந்தியைக் கேட்டேன், சாவி எங்கே என்று.

"சரோஜாக்கா வூட்ல குடுத்துட்டேன் மேடம்."

"சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க அவ்ளோ சந்தோஷமா பேசிகினு இருந்தீங்க. எப்டி சொல்றதுன்னு தெர்ல."

எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இந்த ரயிலிலிருந்து இவர்களை இறக்கத்தானே கம்பெனி தொடங்கினோம். விடியலில் எழுந்து, ரயிலில் கழுத்து வலி, இருட்டில் வீடு. அதற்குத் திரும்பிப் போவேன் என்கிறார்களே, என்னிடம் இருப்பதைவிட இது மேலாகப் போயிற்றா என்று கேட்கத் துடித்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

பங்காருபேட்டையில் இறங்கிவிட்டேன். இன்னிக்கி காலேஜ் திறக்குது இல்லையா என்று ஜெயந்தி ஜன்னல் வழியாகக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

முதல்வர் போன் செய்தார். புதிய மாணவர்களுக்கு நான் தொழில் முனைவு பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருந்தது. வர முடியவில்லை, யூனிட்டில் அவசரம் என்றேன். அவர் "ஓ" என்றார். அந்த ஓவின் பொருள் அடுத்த மாதம் தெரிந்தது. துறைத் தலைவராக என்னைவிட ஆறு வருஷம் இளையவரைப் போட்டார்கள்.

சரோஜா வீட்டில்

பஸ் பிடித்து பாலகாட் வந்தேன். சரோஜா வீட்டில் சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே அவளுடைய பழைய மெஷின். தரையில் நைட்டித் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே தைக்க ஆரம்பித்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் எங்கள் யூனிட் சாவி.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நானே தரையில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போதே பேச்சைத் தயார் செய்திருந்தேன். நிர்வாகத்தில் கருத்து வேறுபாடு இயல்பு, இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் என்று தொடங்கினேன். அவள் கத்திரியை வைத்தாள்.

"இன்னா வேணும் உனக்கு?"

"நீ திரும்பி வரணும்."

"அன்னிக்கி பதினாலு பேரு எதிர்ல திட்டின. இன்னிக்கி ஒண்டியா வந்து கூப்புட்ற."

அதற்குப் பிறகு நான் தயார் செய்த எதுவும் உதவவில்லை. அப்புறம் என் வழக்கப்படி, தப்பு அவள்மேலும் இருக்கிறது என்று நிரூபிக்கப் பார்த்தேன். வேலை நேரத்தில் பதினாலு பேரையும் ஒட்டுமொத்தமாக அனுப்பியது சரியா, அன்றைக்குத்தானா என்று கேட்டேன்.

அவள் அதை ஒப்புக்கொண்டாள். தப்புதான் என்றாள். நான்கு பேரை அனுப்பியிருந்தால் போதும், அவர்களே எல்லார் வீட்டுக்கும் பிடித்து வைத்திருப்பார்கள், மற்றவர்கள் தைத்திருப்பார்கள், அன்றைக்குப் பதற்றத்தில் அது தோன்றவில்லை என்றாள். மறுநாள் அதைச் சொல்லலாம் என்று இருந்தாளாம்.

"இவ்வளவு சுலபமா? இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சரோஜா."

"நீ எங்க கேட்ட? நீ நோட்டீஸ் ஒட்டின."

ஞாயிறு மத்தியானம்

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து நாற்காலிகளை ஒதுக்கிய பிறகு, எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொன்னாள் சரோஜா. ரயிலுக்குப் போனவர்கள் உட்பட பதினாலு பேரும் வந்தார்கள். மெஷின்கள் படுதா போட்டு மூடியபடி சுவரோரம் இருந்தன. பெண்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, என்ன நடக்கப் போகிறது என்று என்னைப் பார்த்தார்கள்.

முந்நூறு பேர் முன்னால் குறிப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிறவள் நான். அன்று பதினாலு பேர் முன்னால் நின்றேன். சரோஜாவை உங்கள் முன்னால் அப்படிப் பேசியது தப்பு என்றேன். காரில் வந்தவர்களிடம் பொய் சொன்னவள் நான்தான், அவள் இல்லை என்றேன். மன்னித்துக்கொள் சரோஜா என்றேன். மொத்தம் மூன்று வாக்கியம். இரண்டாவதைச் சத்தமாகத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

யாரும் கைதட்டவில்லை, அழவில்லை. எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது. ஒருத்தி எழுந்து நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எட்டரை என்றாள் சரோஜா. பிறகு என் பக்கம் திரும்பி, தையல் தளத்து விஷயத்தில் இனி நான் தலையிடக்கூடாது, ஆர்டர் பிடிப்பது மட்டும் என் வேலை என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன், அளவுப் பட்டியல் சுவரில் இருக்க வேண்டும், நாடா வைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று. அவள் கொஞ்சம் யோசித்து, சரி என்றாள்.

இப்போது

யூனிட் இன்னும் ஓடுகிறது. அந்த மருத்துவமனை ஆர்டர் கடைசிவரை கிடைக்கவில்லை. நாலு பள்ளிகளும் இரண்டு சிறிய கிளினிக்குகளும் கொடுக்கிற வேலையில் காலம் போகிறது. தண்ணீர் வந்தால் முறை வைத்து நாலு பேர் போகிறார்கள். சரோஜா இன்னும் போனை எடுப்பதில்லை. கேட்டால் அடித்தது காதில் விழவில்லை என்கிறாள். நானும் இன்னும் பல்லைக் கடிக்கிறேன்.

நான் எழுதிய பாடக் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி வகுப்பில் கொடுத்தேன். பிள்ளைகள் வழக்கத்தைவிடக் கவனமாகக் கேட்டார்கள். முதல்வருக்குப் பிடிக்கவில்லை.

ரயிலுக்குப் போன ஐவரில் நான்கு பேர் திரும்பிவிட்டார்கள். ஜெயந்தி வரவில்லை. தினமும் காலையில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள். இந்த இரண்டு வருஷத்தில் எப்போதோ என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய மகளின் ஆங்கிலப் பாடத்தை நான் ரயிலில் திருத்திக் கொடுக்கிறேன். அவள் கொண்டுவரும் புளிச்சட்னியில் பாதி எனக்கு.

போன வாரம் மறுபடியும் கேட்டேன். ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய், யூனிட் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், சரோஜா இருக்கிறாள், நான் எதிலும் தலையிடுவதில்லை, திரும்பி வந்தால் என்ன என்று.

ஜெயந்தி சட்னி டப்பாவை மூடிக்கொண்டே சிரித்தாள்.

"அங்க வந்தா உங்கள மறுபடியும் மேடம்னு கூப்புடணும்க்கா," என்றாள்.